பழைய வீட்டின் உள்முகம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய்க்குப் போகிறவர்கள், நல்லூர் முத்திரைச் சந்திக்கு அண்மையில் ஒரு பழைய கட்டடத்தைக் கண்டிருப்பீர்கள். வளைவுகளும் தூண்களும் செதுக்கிய மரவேலையுமாக நிற்கும் அதற்கு மந்திரி மனை என்று பெயர். யாழ்ப்பாண அரசின் மந்திரி ஒருவர் வாழ்ந்த இடம் என்பது ஊர் வழக்கு. இப்போது நாம் காணும் கட்டடம் அரசர் காலத்துக்குப் பிந்தியது என்று கட்டடக் கலை அறிந்தவர்கள் பலர் சொல்வர். எப்படியிருந்தாலும் அது பழையது. அரசின் தொல்லியல் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது.

பஸ்ஸில் போகிறவர் பார்ப்பது அதன் முகப்பை மட்டுந்தான். உள்ளே போனவர்கள் கண்டது வேறு. கரியாலும் ஆணியாலும் கிறுக்கிய பெயர்கள், காரை உதிர்ந்து செங்கல் பல்லைக் காட்டும் இடங்கள், மழைநீர் வழிந்த கறைகள்! 2025 செப்டம்பரில் பெய்த மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சகோதரிகளே, ஒரு பழைய கட்டடம் ஒரு நாள் மழையில் விழுந்துவிடுவதில்லை. கூரை ஒழுகும், உட்சுவரின் காரை ஈரத்தில் ஊறும், வளைமரம் உளுக்கும். இவையெல்லாம் உள்ளே, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், ஆண்டுக் கணக்காக நடக்கும். கடைசியில் சுவர் சாயும்போதுதான் வீதியில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

கட்டடங்களின் உட்புறத்தைப் பற்றி ஏன் ஒரு குடும்ப மாத இதழில் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். உட்புறம் யாருடைய கையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வாசலுக்கு வெளியே ஆண்களின் ராச்சியம். வாசலுக்கு உள்ளே கூட்டுவதும் மெழுகுவதும் எந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று முடிவு செய்வதும் நீங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடே மகளுக்குத்தான் போகிறது. மருமகன் அங்கே வந்து வாழ்கிறார். நம் கிழக்கு மாகாணத்திலும் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. ஆக, எத்தனையோ பழைய வீடுகளுக்குச் சட்டப்படியே உரிமைக்காரர் பெண்கள். அந்த வீட்டை உடைப்பதா, காப்பதா என்ற பேச்சில் மட்டும் அவர்களை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்!

கோப்பாய்ப் பக்கத்துக்கு மீண்டும் வருவோம். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது, அரசன் பின்வாங்கி ஒதுங்கியது கோப்பாயில் இருந்த கோட்டைக்கு என வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்று அந்தக் கோட்டையின் அறை எது, கூடம் எது என்று காட்ட ஒன்றுமில்லை. போர் வந்தால் கட்டடத்துக்கு நேர்வது அதுதான். நம் காலத்திலும் அதைக் கண்டோம்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். சோனகத் தெருவில் அடுப்பில் வைத்தது அடுப்பில் இருக்க, மக்கள் கையில் கிடைத்ததோடு நடந்தார்கள். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வந்தபோது வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக் கணக்கில் வெளியேறினர். கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வழியும் செம்மணி வழியும் அன்றிரவு மழையிலும் சேற்றிலும் மனிதத் தலைகளால் நிறைந்திருந்தன. இரண்டு சாராரும் திரும்பி வந்தபோது பல வீடுகளில் சுவர்கள் நின்றன, உள்ளேதான் ஒன்றுமில்லை. கதவு, நிலை, யன்னல், ஓடு, வளைமரம் எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. கூரை போன வீட்டில் ஒவ்வொரு மாரியும் நேரே உட்சுவரில் பெய்தது. வெளிச்சுவர் மழைக்கென்றே கட்டப்பட்டது, தாங்கும். உட்சுவர் ஒருநாளும் மழையைக் கண்டதில்லை.

உள்ளே இருந்தது போனால் அது திரும்பாது என்பதற்கு யாழ்ப்பாணப் பொது நூலகத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவில் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. கட்டடத்தைத் திருத்திக் கட்டினார்கள், 2003இல் திறந்தார்கள். வெள்ளைச் சுவரும் குவிமாடமும் பழையபடி நிற்கின்றன. உள்ளே இருந்த சுவடிகள் சாம்பல்தான். கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயமும் அப்படியே. அதன் தரையெல்லாம் எழுத்துப் பொறித்த கல்லறைப் பலகைகள் பதித்திருந்தன. 1990ஆம் ஆண்டு முற்றுகையில் கட்டடமே தரைமட்டமாயிற்று. போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியோடு கோட்டை மதில்களைத் திருத்தத் தொடங்கினார்கள். மதிலைத் திருத்தலாம், அந்த உட்கூடத்தை எங்கே போய்த் தேடுவது?

இவை போர் செய்தவை. இனிச் சொல்லப்போவது நல்ல மனத்தோடு, காசும் செலவழித்து நாமே செய்பவை.

சுண்ணாம்பும் சீமெந்தும்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கோப்பாய்க்கு வடக்கே, புத்தூர் வழியாகப் போனால் நிலாவரைக் கிணறு. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டான பள்ளம் அது. மேலே நல்ல தண்ணீர்; ஆழம் போகப்போக உப்பு. குடாநாட்டு நிலத்தடி நீரின் நிலை பொதுவாக இதுதான்: நல்ல நீர் ஒரு தட்டுப்போல உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கிழக்கே உப்பாறும் இருக்கிறது. இந்த மண்ணில் கட்டிய வீட்டின் அத்திவாரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும்.

பழைய கட்டடக்காரர்களுக்கு இது தெரியும். ஆகவே அவர்கள் கல்லைக் கட்டியதும் பூசியதும் வெள்ளையடித்ததும் சுண்ணாம்பால். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு போய்விடும். அதை நீரில் தாளித்து, வாரக் கணக்கில் ஊறவிட்டு, மணலோடு அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல மீண்டும் வாங்கிப் பழையபடி கல்லாகிவிடும். சில ஊர்களில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். செட்டிநாட்டுச் சுவர்கள் கண்ணாடிபோல முகம் காட்டுவதை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

சுண்ணாம்புக் காரை நுண்ணிய துளைகள் நிறைந்தது. சுவரில் ஏறும் ஈரம் அந்தத் துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். உப்பு மட்டும் காரையின் முகத்தில் உவராகப் பூக்கும். உங்கள் உம்மம்மா ஈர்க்குமாற்றால் அதைத் தட்டிவிட்டு, பெருநாளைக்கு முன் ஒரு தரம் வெள்ளையடிப்பார். காரை நைந்துபோனால் அந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசுவார்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. காரை தேய்வதற்காகவே இருந்தது!

இப்போது என்ன செய்கிறோம்? உவர் பூத்த சுவரைக் கண்டதும் மேசன் சொல்வார்: “சீமெந்து பூசினால் ஒரேயடியாகச் சரியாகிவிடும்.” சீமெந்து பூசியதும் சுவர் வழவழவென்று இருக்கும், ஓரிரு ஆண்டுக்குப் பார்க்க அழகுதான். ஆனால் சீமெந்து அத்தனை எளிதில் ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். இடுப்பளவில் இருந்த கறை தலையளவுக்கு வரும். உப்பு சீமெந்துக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளிவிடும். அது விழும்போது சும்மா விழாது, பழைய கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டே விழும். மெதுவான கல்லின் மேல் கடினமான பூச்சைப் பூசினால் தேய்வது கல்தான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சீமெந்தும் இதே யாழ்ப்பாணச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வந்ததுதான். காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டளவில் தொடங்கி, 1990இல் போரால் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை இந்தக் கல்லை வெட்டியே நடந்தது. களிமண்ணோடு சேர்த்து 1,450 பாகை அளவுக்குச் சுட்டால் அதே கல் வேறு குணம் பெற்றுவிடுகிறது. புது வீட்டுக்குச் சீமெந்து நல்ல பொருள், அதை யாரும் குறை சொல்லவில்லை. பழைய சுவருக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

எனாமல் பெயின்ட், பிளாஸ்டிக் பெயின்ட் கதையும் இதுவே. சுண்ணாம்பு வெள்ளை நூறு தரம் அடித்தாலும் சுவரின் துளையை அடைக்காது. பிறகு மெல்லச் சுரண்டி எடுக்கவும் முடியும். இஸ்தான்புல் ஆயா சோபியாவின் உட்சுவரில் இருந்த பழைய பொன் மணிச் சித்திரங்களை உஸ்மானியர் காலத்தில் சுண்ணாம்பும் காரையும் பூசி மறைத்தார்கள். 1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல் மஜீத் ஃபொசாட்டி சகோதரர் என்ற இரு கட்டடக் கலைஞரைக் கொண்டு அந்த மாளிகையைத் திருத்தியபோது, பூச்சை நீக்கிப் பார்த்தால் அதன் அடியில் பல சித்திரங்கள் சேதமின்றி இருந்தன! அவற்றை வரைந்து வைத்துக்கொண்டு மீண்டும் மூடினார்கள். மறைத்த பூச்சே காவலாக இருந்தது. அங்கே எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

பள்ளிகளில் நடப்பது

இதை எழுதச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டாலும் சரியில்லை.

தமிழகக் கடற்கரையில் கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் கல் தூண்களால் ஆன பழைய பள்ளிகள் உண்டு. கோயில் கட்டிய அதே சிற்பிகளின் கைவேலை. உருவங்கள் மட்டும் இல்லாமல், பூவும் கொடியும் கோலமுமாகச் செதுக்கியவை. நம் நாட்டிலும் மரத் தூண், மர மிம்பர், சுண்ணாம்பு வேலை மிஹ்ராப் உள்ள பள்ளிகள் இருந்தன. பெருநாள் வருகிறது, வெளிநாட்டுக் காசும் வருகிறது, நிருவாகத்தாருக்கு ஊக்கம் பிறக்கிறது. கல் தூணுக்குப் பச்சை எனாமல். அடுத்த தலைமுறையில் அதன்மேல் டைல்ஸ். டைல்ஸ் ஒட்டுவதற்குத் தூணைக் கொத்துகிறார்கள். செதுக்கிய பூவுக்கு மேல் உளி விழுகிறது. மின்விசிறிக்கும் ஒலிபெருக்கிக்கும் வயர் போட வளைவைத் துளைக்கிறார்கள். மர மிம்பர் விறகுக் கொட்டிலுக்குப் போகிறது, சலவைக்கல் மிம்பர் வருகிறது. தொழுகிறவர் தொகை கூடினால் பள்ளியைப் பெருப்பிக்கத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. பக்கத்தில் காணி இருந்தும் பழைய உட்பள்ளியை இடித்துத்தான் புதியது கட்ட வேண்டும் என்பது எந்த நியாயம்?

வக்ஃபுப் பொருளை மாற்றுவதற்கும் விற்பதற்கும் ஃபிக்ஹு நூல்களில் எத்தனை நிபந்தனைகள் உண்டு என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். இன்னும் பயன் தரும் ஒரு கதவையோ தூணையோ, பழசு என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றி விற்பதற்கு முன் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நிருவாகத்தாரின் கடமை.

இதில் பெண்களுக்கு என்ன பங்கு? காசு உங்களுடையது! பிடியரிசி சேர்த்தது நீங்கள். டைல்ஸுக்கு என்று வளையலைக் கழற்றிக் கொடுத்தது நீங்கள். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கலாம் அல்லவா? “இது கூரை ஒழுக்கு அடைக்க, இது வளைமரம் மாற்ற, பழைய தூணில் கை வைக்கக் கூடாது” என்று. கொடுத்தவரின் நிபந்தனையை மதிப்பது வக்ஃபின் அடிப்படை.

உட்புறத்தை அக்கறையோடு பேணியதற்கு நம் முன்னோரிடமே எடுத்துக்காட்டு உண்டு. சுலைமானிய்யாப் பள்ளியைக் கட்டிய மிஃமார் சினான், நூற்றுக்கணக்கான விளக்குகளின் புகை சுவரிலும் குவிமாடத்திலும் படியாதபடி காற்றோட்டம் அமைத்து, கரியை ஓரிடத்தில் சேரச் செய்தார் என்றும், அந்தக் கரியில் எழுத்து மை செய்தார்கள் என்றும் சொல்வர். சென்னை சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவுக்காக 1768இல் எழுந்த மாளிகையின் ஒரு பகுதியான கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பற்றி எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவரும் உயிரிழந்தார். இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பியிருக்கலாம். பொதுப்பணித் துறை அப்படிச் செய்யவில்லை. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய பொருள்களையே தேடிப் பிடித்து, உட்சுவரையும் மரச்சட்டக் கூரையையும் பழைய முறையில் திருப்பிக் கட்டினார்கள். கை வேலைக்காரர் இன்னும் இருக்கிறார்கள் என்பதற்கு அது ஓர் ஆதாரம். குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் இன்னமும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கறுப்புத் தரை முகம் பார்க்கும்படி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பள்ளிக்கும் வீட்டுக்கும் செருப்பில்லாமல் போகும் நமக்கு இது புதிதா?

உங்கள் வீடு ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முந்தியதாக இருந்தால், முதல் வேலை கூரை. உட்சுவருக்குச் செலவழிக்கும் முன் ஓடு விலகியிருக்கிறதா, பீலி அடைத்திருக்கிறதா என்று மாரிக்கு முன்பே ஆள் ஏற்றிப் பாருங்கள். கூரை ஒழுகும் வீட்டில் சுவருக்கு எது பூசினாலும் வீண். அடுத்தது சுவர் அடி. சுவரோரம் சீமெந்துத் தரை போட்டு அடைத்திருந்தால் ஈரம் போக வழியின்றிச் சுவருக்குள்தான் ஏறும். பூச்சட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மர நிலையிலும் தூணிலும் மண் குழல்போல ஓடும் கறையான் தடத்தைக் கண்டால் துடைத்துவிட்டுச் சும்மா இராமல் உடனே ஓடாவியிடம் காட்டுங்கள். அடிப்பாகம் உளுத்த தூணுக்கு அந்த அடியை மட்டும் வெட்டி, அதே மரத்தில் துண்டு பொருத்தத் தெரிந்த ஓடாவிமார் இன்னும் இருக்கிறார்கள். முழுத் தூணையும் மாற்றச் சொல்பவர் ஒன்றில் வேலை தெரியாதவர், அல்லது பழைய மரத்தின் விலை தெரிந்தவர்!

வெள்ளையடிக்கக் கடைச் சுண்ணாம்பை வாங்கி நன்றாக ஊறவைத்து, துணியில் வடித்து, பால்போல நீர்க்கக் கரையுங்கள். சுவரை முதலில் நனைத்துவிட்டு, மெல்லியதாக மூன்று, நான்கு தரம் அடிக்க வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் உதிரும். சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். கடலில் பவளப் பாறை வெட்டிச் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். அதை வெட்டுவது சட்டப்படி குற்றம், கரையையும் கடல் தின்றுவிடும்.

எதைச் செய்வதற்கு முன்பும் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில், ஒரு சாண் இடத்தில் செய்து பார்த்து, ஒரு மாரி கழியட்டும் என்று விடுங்கள். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு அறையின் நான்கு சுவரையும் முகட்டையும் தரையையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் திருத்துகிறவருக்கு அதைவிட உதவியானது வேறில்லை.

படமே இல்லாத வீடுகளும் இருக்கின்றன. சோனகத் தெருவிலிருந்து போனவர்களில் மிகப் பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பியிருக்கிறார்கள். இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டும் பிள்ளைகளுக்கு அந்த வீடு எப்படி இருந்தது என்று தெரியாது, அவர்கள் பிறந்ததே அகதி முகாமில். தெரிந்தவர்கள் மூத்த பெண்கள். குர்ஆன் வைக்கும் மாடம் எந்தச் சுவரில் இருந்தது, விளக்கு மாடம் எத்தனை, பெண்கள் பக்கத்து முற்றத்துக்கு எந்த வாசல், கிணற்றடிக்குப் போகும் படி எத்தனை, சமையலறைப் புகை எந்த வழியால் போனது, மாப்பிள்ளை அறைக் கதவில் என்ன பூ செதுக்கியிருந்தது என்று அவர்களைக் கேளுங்கள். ஒரு கொப்பியில் அவர்கள் சொல்லச் சொல்லக் கோடு போட்டு வரையுங்கள், பேத்திமார் வரையட்டும். அத்திவாரம் இன்னும் இருந்தால் அந்தக் கொப்பியைக் கையில் கொண்டுபோய் அறை அறையாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். கேட்கப் போகிறவர்கள் இந்த விடுமுறையிலேயே போங்கள். 1990இல் நாற்பது வயதில் அந்த வாசலைக் கடந்தவருக்கு இப்போது எழுபத்தைந்து ஆகிவிட்டது.